நாலாம் அறையின் பச்சை விளக்கு

ஆபீஸில் அவளுக்குக் ‘கறார்’ என்றுதான் பேர். பதினாறு வருஷமாக அந்தப் பழக்கிடங்கின் கணினி வேலை மொத்தமும் அவள் ஒருத்தி தலையில்தான். பழம் கெடாமலிருக்க அங்கே அறைகளில் ஆக்ஸிஜனைக் குறைத்து வைப்பார்கள். குறைந்திருந்தால் கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு. பச்சை எரிந்தால் ஆள் போகலாம். எது எரிய வேண்டும் என்று முடிவு செய்வது அவள் எழுதிய நிரல்.

நாலாம் அறையில் பச்சை எரிந்தது. பெட்டி தூக்குகிற தொழிலாளி உள்ளே போனார். போனவர் போனவர்தான். ஆக்ஸிஜனை அளக்கிற புது சென்சார் பழுது என்று சொல்லி விசாரணைக்காரர்கள் கையைக் கழுவிவிட்டார்கள். அதை மாட்டிய ஃபிட்டருக்கு வேலையும் போய், கேஸும் அவர் மேலேயே விழுந்தது.

கறாருக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு மத்தியானம் நிரலைத் திறந்தாள். புது சென்சாரின் கிளாஸை, அதாவது நிரலில் அந்தக் கருவிக்கென்று இருக்கும் பகுதியை, பழைய சென்சார் கிளாஸுக்குப் பிள்ளையாகத்தான் எழுதியிருந்தாள். அப்பனுக்குத் தெரிந்ததெல்லாம் பிள்ளைக்கும் தெரியும், அளக்கவும் சொல்லவும். ஆனால் கண்ட கருவியெல்லாம் விளக்கைத் தொடக்கூடாதென்று என்றைக்கோ ஒரு சோதனை வைத்திருந்தாள். ‘நீ சென்சார் வம்சமா?’ என்று கேட்டிருந்தால் போதும். மகராசி, ‘நீ அந்தப் பழைய சென்சாரேதானா?’ என்று கேட்டு வைத்திருந்தாள். பிள்ளை, ‘இல்லை’ என்றது. அது சொன்ன அளவை நிரல் குப்பையில் போட்டுவிட்டு, ஆபத்தென்று எதுவும் வரவில்லை என்று பச்சையை எரியவிட்டது. தொழிலாளி செத்த அன்று காலை முழுக்க அந்த சென்சார் ஆபத்து, ஆபத்து என்று கத்தியிருக்கிறது.

வாயை மூடிக்கொண்டிருந்தால் ஈ காக்காவுக்குக்கூடத் தெரியாது. இரண்டு நாள் மூடிக்கொண்டும் இருந்தாள், பாவி. மூன்றாம் நாள் அந்த வரியை அச்செடுத்து மேலாளர் மேஜையில் வைத்துவிட்டு, நேரே ஃபிட்டர் வீட்டுக்குப் போனாள்.

“தப்பு உங்க மேல இல்லண்ணே. நான் எழுதுனதுலதான்.”

“சென்சார் சரியாத்தான் இருந்துச்சா?”

“சரியாத்தான் இருந்துச்சுண்ணே.”



“செத்துப்போனவர் சம்சாரம் கால்ல போய் விழுந்துட்டேம்மா, நான்தான் கொன்னுட்டேன்னு. அழுதுட்டே, போப்பா, உன்னை மன்னிச்சுட்டேன்னு சொன்னாங்க.”

“நான் போய்ச் சொல்லிடறேண்ணே.”

“சொல்லும்மா. என்னை மன்னிச்சதுக்கே அவங்க ஒரு வாரம் படுத்த படுக்கையா கிடந்தாங்க. இன்னொருத்தரை மன்னிக்கத் தெம்பு இருக்கான்னு தெரியல.”

அந்த வீட்டுக்கு வழி கேட்டுக்கொண்டு கிளம்பினாள்.