வேலிக்கு வெளியே பதினொரு பேர்

அவர்களை முதலில் பார்த்தபோது நான் வியந்தேன். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அருவருப்பு பிறகுதான் வந்தது.

நான் விருதுநகர்க்காரன். மென்பொருள் வேலைக்காகக் கொல்கத்தா வந்து ஏழு வருடம் ஆகிறது. லேக் கார்டன்ஸில் இரண்டாம் மாடியில் நானும் மனைவியும் வாடகைக்கு இருக்கிறோம். பால்கனியை ஒட்டிய சின்ன அறையில் என் மேஜை. அங்கே உட்கார்ந்து போர்க்கால விமானங்களைச் சிறிதாகச் செய்வேன். எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவு. அந்த அளவில் ஆறடி மனிதன் இரண்டரை சென்டிமீட்டர் இருப்பான். பெரும்பாலும் குண்டுவீச்சு விமானங்கள்தான். ஆனால் அவற்றைவிட எனக்குப் பிடித்தவை அவற்றைச் சுற்றி ஓடும் வண்டிகள். பெட்ரோல் நிரப்பும் லாரி, குண்டுகளை இழுத்து வரும் டிராக்டர், அதன் பின்னால் கோத்த தள்ளுவண்டிகள். விமானம் செய்ய நிறையப் பேர் இருக்கிறார்கள். டிராக்டர் சீட்டின் கிழிசலையும் அதில் பிதுங்கும் தேங்காய் நாரையும் செய்வதற்குத் தனிப் பைத்தியம் வேண்டும். எனக்கு அது இருந்தது.

எங்களுக்கு ஒரு குழு உண்டு. ஞாயிறுதோறும் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவோம். நடத்துபவர் அலிப்பூர் கோர்ட்டில் வக்கீல். வயது ஐம்பதைத் தொடவில்லை. எல்லோருக்கும் அவர் தாதா. ஊரில் தாதா என்றால் ரவுடி, இங்கே அண்ணன். அவரோடு பேசுவது பாதி வங்காளம், பாதி ஆங்கிலம். தமிழில் எழுதும்போது அவர் என் ஊர்க்காரர் மாதிரி தெரிகிறார். அது எனக்குப் பிடிக்கவில்லை, வேறு வழியில்லை.

தாதா பெயின்ட் பிரஷ்ஷை நாக்கில் வைத்துத்தான் கூராக்குவார். பழுப்பு நிறம் கீழுதட்டில் கோடாக நிற்கும். அதே உதட்டோடு சிங்காராவை, இந்த ஊர்ச் சமோசாவை, கடிப்பார். ஐந்து வருடம் அதை நான் கைதேர்ந்தவரின் பழக்கம் என்று நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குழுவின் சென்ற ஆண்டுப் போட்டிக் கண்காட்சிக்கு நாங்கள் இருவரும் சேர்ந்து ஒன்று செய்வதாக முடிவானது. போர்க்காலத்தில் இந்த நகரத்துக்கு வெளியே இருந்த ஒரு விமானத்தளம். நான்கு எஞ்சின் அமெரிக்க விமானமும் வண்டிகளும் என் பொறுப்பு. தரை, வேலி, பனைமரங்கள், கொட்டகைகள் அவருடையவை. நான்கு மாதம் வேலை செய்தேன். லாரியின் பெட்ரோல் குழாய்க்கு ஹெட்போன் ஒயரை உரித்து மடித்தேன். குண்டுகளின் மூக்கில் மஞ்சள் வளையம் ஒழுங்காக வரவில்லை என்று மூன்று முறை சுரண்டினேன். அவை யார் தலையில் விழுந்தன என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. வளையம் நேராக வந்ததா என்பதே என் கவலை.

இடையில் ஒரு நாள், தரையைப் பார்க்கக் காளிகாட்டில் அவர் வீட்டுக்குப் போனேன். டீப்பாய் அகலப் பலகை. புல், சேறு, சக்கரத் தடங்கள், எல்லாம் அபாரம். முள்கம்பி வேலிக்கு அப்பால் ஒரு சாண் அகலத்துக்கு வெறும் மண்.

"அந்தப் பக்கம் வெறிச்சுனு இருக்கே தாதா. கண்ணு அங்கேயே போய் நிக்குது. ஏதாவது வைங்க."

"வைப்போம். ஒண்ணு யோசிச்சிருக்கேன்" என்றார்.

கேட்டது நான். பிறகு நடந்த எதற்கும் நான் பொறுப்பில்லை என்று சொல்லிக்கொள்ள முடியாதபடி, அந்த வாக்கியம் என் வாயிலிருந்துதான் வந்தது.

கண்காட்சி அன்று காலை, வண்டிகளைச் சந்தேஷ் இனிப்பு டப்பாவிலும் விமானத்தை அட்டைப் பெட்டியிலும் பஞ்சு வைத்து எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போனேன். தாதா பலகையை மேஜைமேல் வைத்துவிட்டிருந்தார். வேலிக்கு அப்பால் பதினொரு பேர். பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்தார்.

செம்புக் கம்பியை வளைத்து, மேலே மக்குப் பசை பூசிச் செய்த மனிதர்கள். முழங்கால் தொடையைவிடத் தடிமன். வயிறு உள்ளே போய் முதுகில் ஒட்டியிருந்தது. ஒரு பெண் இடுப்பில் குழந்தை. குழந்தையின் தலை மட்டும் பெரிது. ஒருவர் படுத்திருந்தார், வாய் திறந்து. இரண்டு பேர் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு விமானம் நிற்கப்போகும் இடத்தைப் பார்த்தார்கள். கையில் அரிசி மணியைவிடச் சிறிய தகரக் குவளை.

"விலா எலும்பை எண்ணலாம், பாரு" என்றார்.

எண்ண முடிந்தது. "எப்படித் தாதா இவ்வளவு மெல்லிசா வந்துச்சு?"

"தையல் ஊசியைச் சூடு பண்ணி இழுத்தேன்."

தலையை ஆட்டினேன். அடுத்த முறை நானும் செய்து பார்க்கலாம் என்று நினைத்தேன். நிஜமாகவே அதைத்தான் நினைத்தேன்.

"குவளை எதுக்கு?"

"ஃபேன் வாங்க. நாப்பத்திமூணு பஞ்சத்துல சோறு கேக்கலையே, சோறு வடிச்ச தண்ணியைத்தான் கேட்டாங்க. 'ஃபேன் தாவ் மா'ன்னு வீடு வீடா."

வடிகஞ்சி. அன்று காலைகூட என் மனைவி அதைச் சமையலறைத் தொட்டியில் கொட்டினாள், ஆவி வந்தது. பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தேன். இந்த விமானங்களுக்கு எண்ணெய் நிரப்பிய அதே நாட்களில் இந்த ஊர்த் தெருக்களில் மக்கள் பசியால் செத்தது எனக்குத் தெரியாததல்ல. படித்திருக்கிறேன். படித்துவிட்டு மஞ்சள் வளையம் போட்டிருக்கிறேன்.

"இது வேணாம் தாதா."

"ஏன்? நடக்கலையா? விமானமும் இருந்துச்சு, இவங்களும் இருந்தாங்க. நான் உண்மையைத்தான் வெச்சிருக்கேன். நீதான் பாதியை மட்டும் செஞ்சுக்கிட்டு இருக்கே."

வக்கீலிடம் வாதாட எனக்கு வராது. தவிர, அவர் சொன்னது தவறுமில்லை. நான் உட்கார்ந்து என் விமானத்தையும் வண்டிகளையும் ஒவ்வொன்றாகத் தரையில் ஒட்டினேன். கை பிசுபிசுத்தது.

கதவு திறந்ததும் கூட்டம் எங்கள் மேஜைக்குத்தான் வந்தது. விமானத்தைப் பார்க்க அல்ல. குனிந்து, செல்போனை வேலியருகே கொண்டுபோய்ப் படம் எடுத்தார்கள். ஒரு கல்லூரிப் பெண் அந்தக் குழந்தையைப் பார்த்து "கீ கியூட்!" என்றாள், எவ்வளவு அழகு என்று. அவளுடைய நண்பன் வயிற்றை உள்ளிழுத்து, அந்த மனிதர்களைப் போல நின்று, பலகையோடு செல்ஃபி எடுத்தான். சப்புக்கொட்டிக்கொண்டே ஒருவர் என் கையைக் குலுக்கினார். "என்ன டீடெயில்! அந்தப் படுத்திருக்கற ஆளு செத்துட்டானா, உயிரோட இருக்கானா?" என் கை அவர் கையில் இருந்தபடியே இருந்தது. தாதா பக்கத்தில் ரசகுல்லாவைப் பிழிந்து வாயில் போட்டுக்கொண்டு, "அதை நீங்கதான் முடிவு பண்ணணும்" என்றார். ஜீரா மணிக்கட்டு வரை வழிந்தது.

மண்டபத்தைப் பெருக்கும் அம்மாள் அந்தப் பக்கம் வந்தார். ஒல்லியான உடம்பு, கன்னம் ஒட்டிய முகம். காகிதத் தட்டுகளைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தவரைத் தாதா கூப்பிட்டார். எல்லோருக்கும் அவர் மாஷி, அதாவது சித்தி.

"மாஷி, கொஞ்சம் இப்படி வந்து நில்லுங்க. பலகைக்குப் பின்னாடி. துடைப்பத்தைக் கீழ போட்டுட்டு, அந்தக் குப்பை அள்ற தகரத்தை மட்டும் கையில பிடிங்க. ஒரு போட்டோ."

"நானா? எதுக்குங்க?" என்றார் அவர். ஆனால் முந்தானையைத் தலைமேல் சரிசெய்துகொண்டு வந்து நின்றார், சிரித்தார்.

"சிரிக்காதீங்க மாஷி. முகத்தைச் சும்மா வெச்சுக்குங்க." பிறகு ஆங்கிலத்தில், எனக்கு மட்டும் கேட்கும்படி: "அந்த எலும்பைப் பாரு. அப்படியே பொருந்துது."

"வேண்டாம் மாஷி, நீங்க போங்க" என்றேன். என் குரல் நான் நினைத்ததைவிட உயர்ந்துவிட்டது. அவர் திடுக்கிட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார். அவர் முகம் சுருங்கிவிட்டது. அவருக்கு அந்தப் போட்டோ வேண்டியிருந்தது, கெடுத்தவன் நான். யாரும் அவரிடம் விளக்கவில்லை, நானும் விளக்கவில்லை.

பையிலிருந்த பிளேடை எடுத்து லாரியின் சக்கரத்துக்கு அடியில் விட்டேன். சடக்கென்று வந்தது. டிராக்டர், தள்ளுவண்டிகள், கடைசியில் விமானம். அதன் இடது சக்கரம் தரையோடு நின்றுவிட்டது. காலை உடைத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

"பைத்தியமா உனக்கு?" என்றார் தாதா. மண்டபமே பார்த்தது.

"இதெல்லாம் நான் செஞ்சது. எடுத்துட்டுப் போறேன்."

வீட்டில் மேஜைமேல் எல்லாவற்றையும் பரப்பி வைத்து மனைவியிடம் சொன்னேன். பாராட்டுவாள் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. அவள் விமானத்தின் உடைந்த காலைத் தொட்டுப் பார்த்தாள்.

"வண்டியெல்லாம் பத்திரமாக் கொண்டுவந்துட்டீங்க. அந்தப் பதினொரு பேரை அங்கேயே விட்டுட்டு வந்திருக்கீங்களே?"

"அவங்களை நான் செய்யலையே."

"அதனால?"

மறுநாள் மாலை குழுவின் வாட்ஸ்அப்பில் படம் வந்தது. என் விமானம் நின்ற இடத்தில் பெயர்ந்த தரை, ஒற்றைச் சக்கரம், வேலிக்கு வெளியே அவர்கள். அதற்கு முதல் பரிசு. இல்லாத விமானத்தைக் காட்டாமலே காட்டிய துணிச்சல் என்று நடுவர்கள் புகழ்ந்தார்களாம். கீழே வரிசையாகக் கைதட்டல் பொம்மைகள். தாதா எழுதியிருந்தார்: "என் தமிழ்த் தம்பிக்கும் இதில் பங்கு உண்டு."

இரண்டு வாரம் பொறுத்து அலிப்பூர் கோர்ட்டுக்குப் போனேன். வெளியே டீக்கடையில் கறுப்புக் கோட்டோடு இருந்தார். கோபமே இல்லை. பெஞ்சில் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார், எனக்கும் டீ சொன்னார்.

"அந்த ஆளுங்களைக் கொடுத்துடுங்க தாதா."

"கொடுத்தா என்ன பண்ணுவே?"

தெரியவில்லை. எரிப்பதா, புதைப்பதா, என் அலமாரியில் வைப்பதா? ஒவ்வொன்றும் அசிங்கமாகத்தான் தோன்றியது. அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பிரஷ்ஷைக் கூராக்கும் அதே நாக்கால் உதட்டுச் சூட்டை நக்கிவிட்டு, உற்சாகமாக என் பக்கம் திரும்பினார்.

"அதை விடு. அடுத்த வருஷத்துக்கு ஒண்ணு யோசிச்சிருக்கேன். ஆஸ்பத்திரி ரயில். பர்மா எல்லையிலிருந்து காயம்பட்டவங்களை ஏத்திட்டு வருது. பெட்டியோட ஒரு பக்கச் சுவரையே எடுத்துடுவோம். உள்ள முழுக்கத் தெரியணும்."

"எந்த அளவுல?" என்றேன்.

கேட்டுவிட்டேன். அவர் சிரித்தார். எச்சில் ஈரம் பளபளத்த பற்கள். என் டீ மண்குவளையில் அப்படியே இருந்தது. எழுந்து பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன். சாக்கடை ஓரமாக நின்று துப்பிப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை.