தப்பிச்சேன்

"இதுல என்ன எழுதியிருக்கு? படிச்சுச் சொல்லு."

சித்தி காகிதத்தை என் பக்கம் தள்ளினாள். விபத்து நடந்த மறுநாள் காலை, காவல் நிலையத்தில் எழுத்தரின் மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம். சித்தி தமிழில் சொன்ன வாக்குமூலத்தை அவர் அலுவலக மொழியில் எழுதியிருந்தார். சித்திக்கு அந்த மொழி தெரியாது. எனக்குப் பள்ளியில் இரண்டும் சொல்லிக்கொடுத்தார்கள்.

கடைசி வரியில் நின்றுவிட்டேன். "சித்தி, 'தப்பு என்மேலதான்'னு இருக்கு."

"யாரு சொன்னது?"

"நீங்கதாம்மா," என்றார் எழுத்தர். "நேத்து உங்க வாயால சொன்னீங்களே."

"நான் சொன்னது தப்பிச்சேன். மயிரிழையில தப்பிச்சேன்."

"தப்புன்னுதான் காதுல விழுந்துச்சு. ஃபோன் வேற அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. விடுங்க, ஒரு வார்த்தைதானே."

"அந்த ஆளு தப்புப் பண்ணினான், நான் தப்பிச்சேன். ரெண்டு பேரையும் ஒரே ஆளா ஆக்கிட்டீங்களே சார்!"

பக்கத்து மேசையில் யாரோ சிரித்தார்கள். எழுத்தர் சிரிக்கவில்லை. "கையெழுத்துப் போடுங்க. அப்புறம் மனு கொடுத்து மாத்திக்கலாம்."

"மாத்திட்டுக் கொடுங்க. அப்புறம் போடறேன்."

சித்தி ஒரு சலவை நிறுவனத்தில் வேன் ஓட்டுகிறாள். அதற்கு முன் ஆறு வருஷம் அங்கேயே மடிப்பு அறையில் நின்று ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை மடித்தாள். வண்டி தினமும் தாமதம் என்று சத்தம் போட்டவளிடம், "அப்ப நீயே ஓட்டேன்" என்று ஓட்டுநர் ஒருவர் நக்கலடித்தார். போய் லைசென்ஸ் வாங்கிக்கொண்டு வந்து நின்றாள். ஆஸ்பத்திரியின் பின்வாசல் மிகக் குறுகல். வேடிக்கை பார்க்கக் கூடியவர்கள் முன்னால் ஒரே வீச்சில் பின்னுக்கு எடுத்து நிறுத்தினாள். அன்றைக்கு வைத்த 'ரிவர்ஸ்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

முந்தைய நாள் பச்சை விளக்கில் சந்திப்பைக் கடந்தபோது, சிவப்பில் நிற்காமல் வந்த கார் வேனின் பக்கவாட்டில் மோதியது. இரண்டடி முன்னால் பட்டிருந்தால் அவள் இருக்கை. கார்க்காரர் இறங்கி வந்து, "வண்டிய ஓரமா எடுங்க, நமக்குள்ள பேசிக்கலாம்" என்றார்.

"உங்களுக்கு அடி எதுவும் படலியே? அப்ப அஞ்சு நிமிஷம் ரெண்டும் அப்படியே நிக்கட்டும்."

எச்சரிக்கை விளக்கைப் போட்டுவிட்டு நம்பர் பலகைகள், சக்கரங்கள், சாலையில் இழுபட்ட கோடு எல்லாவற்றையும் படம் எடுத்தாள். எதிரே சாவிக்கடையிலிருந்து பார்த்த பெண்ணிடம் ஃபோன் நம்பர் வாங்கினாள். பிறகுதான் போலீஸைக் கூப்பிட்டாள். இத்தனையும் சரியாகச் செய்தவள் ஒரு வார்த்தையில் மாட்டிக்கொண்டாள்.

தவறு ஓட்டுநர்மேல் என்று தாளில் வந்துவிட்டால், அந்த நிறுவனத்தில் வேன் சாவியை வாங்கிவிடுவார்கள். மறுபடி மடிப்பு அறைதான். அது தெரிந்தும் மேலாளர், "இழுத்துக்கிட்டு இருக்காம கையெழுத்தப் போட்டுட்டு வா" என்று காலையிலேயே சொல்லியிருந்தார்.

எனக்கு எழுந்து ஓடிவிட்டால் போதும் என்றிருந்தது. எழுத்தரிடம் அலுவலக மொழியில் மெல்ல, "தயவுசெய்து திருத்தித் தர முடியுமா?" என்று கேட்டேன். சித்திக்கு மொழி புரியாவிட்டாலும் குரல் புரிந்துவிட்டது.

"என்ன, கெஞ்சறியா?"

பிறகு எனக்காகப் பேசு என்று அவள் என்னை நம்பவில்லை. வாசலுக்கு நேரே இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். வந்த ஒவ்வொரு அதிகாரியிடமும் செல்போனை நீட்டி, "சார், இதுல தப்புப் பண்ணினது யாரு, தப்பிச்சது யாரு, நீங்களே சொல்லுங்க" என்றாள். மதியத்துக்குள் நிலையம் முழுக்க அந்தக் கேள்வி பரவிவிட்டது. கடைசியில் ஆய்வாளரே சாவிக்கடைப் பெண்ணிடம் ஃபோனில் பேசினார். புதுத் தாள் வந்தது. என்னை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள். வேன் சாவி அவளிடமே இருக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஓர் அட்டையை வெட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

"'நான் சொன்னதச் சொன்னபடி எழுதுங்க. படிச்சுக் காட்டாம கையெழுத்துக் கிடையாது.' இத அவங்க பாஷையில பெரிய எழுத்தா எழுதிக் கொடு. வண்டியில வச்சுக்கறேன்."

எழுதத் தொடங்கிவிட்டு, "முன்னால ஒரு 'தயவுசெய்து' போடட்டுமா?" என்றேன்.

"உன்னைக் கெஞ்சிக் கேட்டுக்கறேன்டி, அத மட்டும் போட்டுடாத."