பலகை பிடிப்பவர்

என் வீட்டுக்காரரைக் கண்ணாடிக்காரர் என்று சொன்னால்தான் எங்கள் தெருவில் தெரியும். ஜன்னல், கதவு, கடை முகப்பு என்று எங்கே கண்ணாடி மாற்ற வேண்டுமென்றாலும் இவரைத்தான் கூப்பிடுவார்கள். கண்ணாடியோடு மல்லுக்கட்டக் கூடாது, அது எந்தப் பக்கம் சாய்கிறதோ கையும் அந்தப் பக்கமே போக வேண்டும் என்பார். பதினெட்டு வருஷத்தில் கை அப்படியே பழகிவிட்டது. மனுஷனும் அப்படித்தான். நான் எவ்வளவு எகிறினாலும் "சரி, விடு" என்று இறங்கிப் போய்விடுவார். ஒரு நல்ல சண்டைகூடப் போட முடியாது! உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டு வந்தாலும் "ஒண்ணுமில்ல, கீறல்தான்" என்று துணியைச் சுற்றிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்துவிடுவார்.

இப்படிப்பட்டவரைத்தான் கராத்தே பள்ளியில் கொண்டுபோய் நிறுத்தினோம். டயர் கடைக்கு மேல் மாடி. படி ஏறும்போது ரப்பர் வாடை, உள்ளே போனால் இருபது பிள்ளைகளின் வியர்வை வாடை. மாஸ்டரம்மா ஆள்தான் ஒல்லி, குரல் எட்டு ஊருக்குக் கேட்கும். பிள்ளையைச் சேர்த்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்து போனை நோண்டுகிற கதையெல்லாம் அவரிடம் நடக்காது. ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்று வீட்டிலிருந்து கூட இறங்கிப் பழக வேண்டும். பெல்ட் பரீட்சையில் பிள்ளை குத்தி உடைக்கிற பலகையை வீட்டு ஆள்தான் பிடிக்க வேண்டும். சின்னவனுக்கு நான், பதின்மூன்று வயசுப் பெரியவளுக்கு இவர்.

பலகை பிடிப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஒரு காலை முன்னால் ஊன்றி, முழங்கையை விறைப்பாக வைத்து, அசையாமல் நின்றால் போதும். அசைந்தால் பலகை உடையாது, குத்துகிற கைதான் வீங்கும். இவருக்கு அதுதான் வரவில்லை. மகளுடைய முஷ்டி வருகிறது என்றதும் கை தானாகப் பின்னால் போய்விடும். பச்சை பெல்ட் பரீட்சை இரண்டு தடவையும் அப்படியே போயிற்று.

"சார், நீங்க பின்னால இழுக்கிறதாலதான் அவளுக்கு வலிக்குது!" என்று மாஸ்டரம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

இவர் மகளைப் பார்த்தார். "வலிக்குதா பாப்பா?"

"இல்லப்பா" என்றாள் மகராசி, கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு. அது யாரிடம் கற்றது என்று நான் சொல்ல வேண்டுமா? இவரும் அவள் சொன்னதைத்தான் நம்பினார்.

வீட்டுக்கு வந்து ஐஸ் வைத்துக் கட்டியது நான். விரல் முட்டியெல்லாம் கன்றிப்போயிருந்தது. "அப்பாகிட்ட சொல்லிடாதம்மா, அப்புறம் என்னை அனுப்பவே மாட்டாரு" என்றாள். என் வாயில் எதுவும் தங்காது என்று என் நாத்தனாரே சர்டிபிகேட் கொடுப்பாள். இது மட்டும் எப்படியோ தங்கிவிட்டது. இப்போது நினைத்தாலும் என்னை நானே நாலு சாத்து சாத்தலாம் போலிருக்கிறது.

மூன்றாவது பரீட்சைக்கு விண்ணப்பத் தாள் வந்தது. 'பலகை பிடிப்பவர்' என்ற இடத்தை மட்டும் மகள் நிரப்பவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"சித்தப்பாவைக் கேக்கலாமான்னு பாக்கறேன். இந்தத் தடவையும் உடையலன்னா நான் இனிமே போகலம்மா."

இவர் அப்போதுதான் வேலையிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தார். ஒரு நிமிஷத்தில் கழுவுகிற கையை அன்றைக்குப் பத்து நிமிஷம் கழுவினார்.

மறுநாள் ஒரு பலகையில் துண்டைச் சுற்றிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார். "நீ குத்து."

"நெஜமாவா சொல்றீங்க?"

"ம். குத்து."

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்ததுபோல இருந்தது எனக்கு. கல்யாணத்திலிருந்து சேர்த்துவைத்ததையெல்லாம் திரட்டிக் குத்தினேன். மனுஷன் கல் மாதிரி நின்றார், துளி அசையவில்லை!

"அப்போ எனக்கு வலிச்சா பரவால்லயா?"

"உனக்கென்ன, நீ தாங்குவ" என்றார். வந்த ஆத்திரத்தில் இன்னும் இரண்டு குத்து விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பரீட்சை. எதற்கும் இருக்கட்டும் என்று என் கொழுந்தனையும் வரச் சொல்லியிருந்தேன். அவர் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். மகளின் முறை வந்ததும் மாஸ்டரம்மா தாளைப் பார்த்து வாசித்தார். "பலகை பிடிப்பவர், அப்பா." எப்போது எழுதினாளோ, எனக்கே தெரியாது. இவர் எழுந்து போன வேகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

ஒரு பிள்ளைக்கு மூன்று குத்து. முதல் குத்துக்குக் கை பின்னால் போயிற்று. இரண்டாவதற்கும் போயிற்று. அடப் பாவி மனுஷா என்று நான் வாய்விட்டே சொல்லிவிட்டேன். இவர் பலகையை இறக்கினார்.

"என்னால ஆகல மாஸ்டர். தம்பி பிடிக்கட்டும்."

கொழுந்தன் எழுந்தார். மகள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. வலது கையை அப்பாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள். முட்டியெல்லாம் சிவந்து, ஒரு விரலில் தோல் உரிந்திருந்தது.

"வலிக்குதுப்பா. போன ரெண்டு தடவையும் வலிச்சுது. நான்தான் பொய் சொன்னேன்." அழுகையை முழுங்கினாள். "சித்தப்பா வேணாம். நீங்க நில்லுங்கப்பா. எனக்காக நில்லுங்க."

இவர் அந்தக் கையையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எனக்கும் தெரியும் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

பலகையை எடுத்தார். காலை ஊன்றினார். கண்ணிலிருந்து தண்ணீர் இறங்குகிறது, துடைக்க முடியாமல் நிற்கிறார். மகள் கத்திக்கொண்டே குத்தினாள். அவர் அசையவில்லை.

பலகை இரண்டாகப் பிளந்தது. நான் சின்னவனைத் தூக்கிக்கொண்டு குதித்த குதியில் பெஞ்சே சாய்ந்துவிட்டது. மாடி முழுக்கக் கைதட்டல். இவர் காதில் எதுவும் விழவில்லை. துண்டுகளைப் போட்டுவிட்டு அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "சார், அடுத்த பிள்ளை வரணும்" என்று மாஸ்டரம்மா இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, அந்தப் பிள்ளையை வேறு பக்கம் கூட்டிப்போனார். இவர் மகளுடைய கையை மடியில் வைத்து ஊதிக்கொண்டிருந்தார். கூடப் படிக்கிற பிள்ளைகள் முன்னால் அப்பா தலையைத் தடவினாலே முறைக்கிறவள், பக்கத்தில் உட்கார்ந்து கையை இன்னும் கொஞ்சம் நீட்டினாள்.

"அங்க இல்லப்பா. இந்த விரல்தான் ரொம்ப வலிக்குது."