என் இடது காலைப் பார்த்து வாசித்தவன்

அந்த வீடியோ கேசட் அமெரிக்காவிலிருந்து வந்தது. எங்கள் கிடார்காரனுடைய அத்தை மகன் துணிமணிகளுக்கு நடுவே சுற்றிக் கொண்டுவந்திருந்தான். ஒரு புரோகிரசிவ் மெட்டல் ராக் இசைக் குழு, வயலினும் செல்லோவும் ஊதுகுழலுமாக ஒரு பெரும் ஆர்கெஸ்ட்ராவைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு நடத்திய கச்சேரியின் படம். தொண்ணூறுகளின் கடைசி. நாங்கள் பீளமேட்டில் என்ஜினியரிங் மூன்றாம் வருஷம் படிப்பதாக வீட்டில் நம்பிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு மெட்டல் குழு வைத்திருப்பதாக நாங்கள் நம்பிக்கொண்டிருந்தோம்.

அதில் நான் பேஸ் கிடார். மற்ற கிடாருக்கு ஆறு கம்பி, இதற்கு நாலு. என்னை நம்பிக் கொடுக்கக்கூடியது அவ்வளவுதான் என்று நண்பர்கள் முடிவு செய்திருந்தார்கள். பேஸ்காரனின் வேலை எளிது: டிரம்ஸ்காரன் எந்த வேகத்தில் போகிறானோ அவன் பின்னாலேயே போக வேண்டும். நான் அதையாவது ஒழுங்காகச் செய்கிறேன் என்று நினைத்திருந்தேன்.

கேசட்டை டிரம்ஸ்காரன் வீட்டில் போட்டுப் பார்த்தோம். சூலூரில் விசைத்தறி வைத்திருக்கும் குடும்பம். வீட்டுச் சுவரை ஒட்டியே தறிக்கூடம். அன்றைக்கு ஞாயிறு, தறி நின்றிருந்தது. ஆனாலும் அந்த வீட்டில் யாரும் குரலைத் தணிப்பதில்லை. வாரத்தில் ஆறு நாள் தறிச்சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி, ஏழாவது நாளும் அதே குரல்தான்.

"கண்ணுகளா, காப்பி குடிக்கறீங்களா?" என்று அவன் அம்மா கேட்டதில் கிடார்காரன் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டான்.

"குடிக்கறமுங்க" என்று நாங்களும் கத்தினோம்.

அவர்கள் ஊர்க் கலர் முறை வேறு என்பதால் அமெரிக்க கேசட் எங்கள் ஊர் டெக்கில் கறுப்பு வெள்ளையாகத்தான் ஓடியது. கறுப்புக் கோட்டு ஆட்கள் இருட்டுக்குள் வரிசையாக உட்கார்ந்திருக்க, வெள்ளையாகத் தெரிந்தவை முகங்களும் கைகளும் மட்டும்தான். ஏதோ காரியத்துக்கு வந்து உட்கார்ந்தவர்கள் போலிருந்தார்கள். ஒரு இடத்தில் எல்லாம் சட்டென்று நிற்கும். முன்னால் நின்று ஆர்கெஸ்ட்ராவை நடத்துகிறவரின் கை மட்டும் மேலே தூக்கியபடி நிற்கும். ஒருத்தரும் மூச்சு விடுவதில்லை. பிறகு கை இறங்கும், மொத்தமும் இடிந்து விழும்.

டிரம்ஸ்காரன் டிவிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, பெட்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்திருந்தான்.

"ஏன்டா, டிவிக்குக் காச்சலா? தொட்டுப் பாத்துட்டே இருக்கறே?" என்றான் கிடார்காரன்.

அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எழுந்து, அந்தக் கை நிற்கிற இடத்தை ரிவைண்ட் செய்து மறுபடி போட்டான். மறுபடியும். நாலாவது தடவை சொன்னான்:

"அவங்களுக்குப் பாத்து வாசிக்கறக்கு ஒரு ஆளு இருக்காருடா. நமக்கும் அப்படி ஒருத்தரு வேணும்."

கலை ஆர்வம் என்று நினைத்துக்கொண்டோம். எங்கள் கல்லூரியில் ஆடி மாதம் ஒரு தொடக்க விழா வரும். அதில் நாமும் ஆர்கெஸ்ட்ராவோடு வாசிப்பது, அதையும் படம் பிடிப்பது என்று அந்த இடத்திலேயே முடிவாகிவிட்டது.

கோயமுத்தூரில் நமக்குத் தெரிந்த ஆர்கெஸ்ட்ரா கல்யாணத்துக்கு வாசிக்கிறதுதான். ஆடியில் கல்யாணம் கிடையாது. ஆகவே காந்திபுரத்து மெல்லிசைக் குழு ஒன்று சும்மா இருந்தது. கல்யாண வீடியோக்காரர் ஒருவரும் சும்மா இருந்தார். இரண்டு வயலின், ஒரு புல்லாங்குழல், ஒரு தபேலா, கீபோர்டு வாசிக்கும் தலைவர். எங்கள் சொந்தப் பாட்டு ஏழு ஏழாக எண்ணி வாசிக்க வேண்டியது. உலகத்தில் யாரும் இதற்கு முன் ஏழு எண்ணியதில்லை என்கிற பாவனையில் அதைத் தபேலாக்காரருக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"மிஸ்ர சாப்புங்களா தம்பி? தகிட தகதிமி. வாசிச்சுப்போடலாமுங்க, பயப்படாதீங்க."

ஒத்திகை சூலூரில், தறிக்கூடத்தை ஒட்டிய நூல் குடோனில். டிரம்ஸ்காரனுக்குத்தான் முதல் நாளே முகம் வாடிவிட்டது. மெல்லிசைத் தலைவர் இரண்டு கையாலும் கீபோர்டு வாசிப்பவர். படத்தில் வந்தவரைப் போலத் தூக்கிக் காட்ட அவருக்கு மூன்றாவது கை இல்லை. புருவத்தால்தான் சைகை காட்டுவார், அதுவும் வயலின்காரர்களுக்கு.

ஒத்திகை இடைவேளையில் டிரம்ஸ்காரனின் அப்பா, அவர்கள் பேச்சில் அய்யன், என்னைத் தறிக்கூடத்துக்குள் கூட்டிப்போய்க் காட்டினார். உள்ளே பேச்சு ஒன்றும் காதில் விழாது. அங்கே யாரும் குரலே எழுப்புவதில்லை, வாயை மட்டும் அசைப்பார்கள். எதிரில் இருப்பவர் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். தறிக்கு ஒருவராகத் தலை குனிந்து நின்றிருந்தார்கள். அந்த நேரம் பார்த்துக் கரண்டு போனது. அத்தனை தறியும் ஒன்றாக நின்றன. அத்தனை தலையும் ஒன்றாக நிமிர்ந்தன.

அய்யன் சிரித்தார். "பாத்தீங்களா தம்பி? இடி உளுந்தாக் கூட ஒருத்தரும் நிமிரமாட்டாங்க. சத்தம் நின்னாப் போதும், தூங்கறவனும் முழிச்சுக்குவான். நாப்பது வருசப் பழக்கமுங்க."

நானும் சிரித்தேன்.

விழாவுக்கு மூன்று வாரம் இருக்கையில், ஒரு ஞாயிறு, நான் கொஞ்சம் முன்னாலேயே குடோனுக்குப் போய்விட்டேன். டிரம்ஸ்காரன் முதுகைக் காட்டி உட்கார்ந்து திருகு முடுக்கிக்கொண்டிருந்தான். கூப்பிட்டேன். திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டேன். ரொம்பத்தான் கெத்து என்று எண்ணிக்கொண்டு, பயமுறுத்துவதற்காக அங்கே கிடந்த பித்தளைத் தட்டை எடுத்து அவனுக்குப் பின்னால் தரையில் போட்டேன். குடோன் முழுக்க அதிர்ந்தது. புறா பறந்தது. அவன் திருகை முடுக்கிக்கொண்டே இருந்தான்.

நான் எதிரில் போய் நின்ற பிறகுதான் நிமிர்ந்து பார்த்தான். என் முகத்தைப் பார்த்ததும் அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"எப்ப இருந்துடா?" என்றேன்.

"பத்தாவதுல இருந்து. கொஞ்சங்கொஞ்சமா. வலது காது சுத்தமா இல்ல. எடது காதுல தண்ணிக்குள்ள இருந்து பேசறாப்பல கேக்கும், தட்டு, மணிச் சத்தமெல்லாம் அதுலயும் கேக்காது."

"டாக்டர்கிட்டப் போனியா?"

"போனேன். தறிச்சத்தமும் ஆகாது, டிரம்ஸும் ஆகாதுன்னாரு. மிச்சம் இருக்கறதாச்சும் தங்கோணும்னா இன்னைக்கே நிறுத்தோணுமாம்."

"உங்க வீட்டுல?"

"எங்க ஊட்டுல யாருக்குடா தெரியும்? அல்லாரும் கத்தித்தான் பேசறாங்க, நானும் கத்தறேன். வாயப் பாத்துத்தான் அல்லாரும் புரிஞ்சுக்கறாங்க, நானும் பாக்கறேன். விழா முடியட்டும், நானே நிறுத்திப்போடறேன். எங்கய்யங்கிட்டச் சொல்லீறாதே."

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. "அப்பறம் இத்தன நாளா எதைக் கேட்டுடா வாசிச்சே?"

"எங்க கேக்கறது? நீ எடது காலத் தட்டறே இல்ல, அதப் பாத்துத்தான்."

"டேய், நான் உன்ற டிரம்ஸக் கேட்டுத்தான்டா காலையே தட்டறேன்!"

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஒரு வருஷமாக அவன் என் பின்னால் வந்துகொண்டிருந்தான், நான் அவன் பின்னால் போய்க்கொண்டிருந்தேன். வண்டியை யாரும் ஓட்டவே இல்லை. அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நானும் சிரித்தேன் என்பதை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அன்றே நான் அவன் அய்யனிடம் சொல்லியிருக்க வேண்டும். குடோனுக்கும் வீட்டுக்கும் இருபது எட்டுகூட இல்லை. நான் சொல்லவில்லை. கேட்டால், நண்பனுக்குக் கொடுத்த வாக்கு என்பேன். உண்மையில் நான் விழாவுக்கென்று ஒரு கறுப்புச் சட்டை தைக்கக் கொடுத்திருந்தேன். அளவு எடுத்தாகிவிட்டது. ஒருவன் காது போவதைப் பார்த்துக்கொண்டு வாயை மூடியிருக்க எனக்கு அந்தச் சட்டை போதுமானதாக இருந்தது.

அடுத்த மூன்று வாரமும் ஒத்திகை தொடங்குவதற்கு முன்னால் நான் ஒரு காரியம் செய்தேன். அவனுடைய இடது பக்கம் பின்னால் நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிடுவேன், அவன் திரும்புகிறானா என்று பார்ப்பேன். முதலில் கதவருகிலிருந்து உரக்கக் கத்திக் கூப்பிட்டால் திரும்பினான். பிறகு நூல் மூட்டை வரைக்கும் வரவேண்டியிருந்தது. பிறகு அதற்கும் இந்தப் பக்கம். கடைசி ஒத்திகையன்று கையை நீட்டினால் தோளைத் தொடும் தூரத்தில் நின்று கூப்பிட்டேன். திரும்பினான். அப்பாடா என்று போய் கிடாரை எடுத்து மாட்டிக்கொண்டேன்.

விழா மத்தியானம் மூன்று மணிக்கு. ஆடிக்காற்று காலையிலிருந்தே ஊரைப் புரட்டிக்கொண்டிருந்தது. கல்லூரி அரங்கத்தின் மேல் ஜன்னல்கள் அடித்துக்கொண்டே இருந்தன. முதல் வரிசையில், வெள்ளைச் சட்டை வேட்டியில், டிரம்ஸ்காரனின் அய்யன் உட்கார்ந்திருந்தார். மகன் வாசிப்பதை மேடையில் பார்ப்பது அவருக்கு அதுதான் முதல் தடவை. வீடியோக்காரர் வெளிச்சத்தைப் போட்டுக்கொண்டு மேடையைச் சுற்றி வந்தார்.

"தம்பி, இங்க பாருங்க. கொஞ்சம் சிரிச்ச மொகமா இருங்க" என்று மெட்டல் குழுவிடம் கேட்டுக்கொண்டார்.

தொடங்கினோம். முதல் சில நிமிஷம் நாங்கள் நினைத்ததைவிட நன்றாகவே போனது. தபேலாக்காரர் எங்கள் ஏழை எங்களைவிடச் சுலபமாக எண்ணினார். வயலின்கள் எழும்பி வந்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. டிரம்ஸ்காரன் என் காலைப் பார்த்தபடி அடித்துக்கொண்டிருந்தான். நான் அவனைக் கேட்கக் கூடாது, மனசுக்குள் எண்ணித்தான் தட்ட வேண்டும் என்று உறுதியாக இருந்தேன்.

காற்று ஒரு பெரும் மூச்சாக வந்து அறைந்தது. கரண்டு போனது.

கிடார் செத்தது. கீபோர்டு செத்தது. மைக் போனதும் வயலின்காரர்கள் வில்லை இறக்கினார்கள். தபேலாவும் நின்றது. பக்கக் கதவுகள் வழியாக வந்த பகல் வெளிச்சத்தில் எல்லாம் படத்தில் பார்த்ததைப் போலக் கறுப்பு வெள்ளையாகத் தெரிந்தது. டிரம்ஸ் மட்டும் நிற்கவில்லை. அவன் தலை குனிந்து, என் இடது காலைப் பார்த்து, அடித்துக்கொண்டே இருந்தான். என் விரல்கள் நின்றுவிட்டன, கால் நிற்கவில்லை.

மாணவர்கள் அதை டிரம்ஸ் தனி ஆவர்த்தனம் என்று நினைத்து விசிலடித்தார்கள்.

நான் முதல் வரிசையைப் பார்த்தேன். சத்தம் நின்ற அந்த நொடியில் அய்யனின் தலை நிமிர்ந்திருந்தது, நாற்பது வருஷப் பழக்கம். அவர் மகனைப் பார்த்தார். தறிக்கூடத்தை ஒட்டிப் பிறந்து வளர்ந்த பையன், சுற்றியிருந்த அத்தனையும் நின்ற பிறகும் தலை நிமிரவில்லை. விசிலடித்த அத்தனை பேரில் அதற்கு என்ன அர்த்தம் என்று அவர் ஒருவருக்குத்தான் தெரியும். நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தார்.

நான் காலை நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் அவன் நிமிர்வான், தான் தனியாக வாசித்துக்கொண்டிருந்ததை அத்தனை பேர் நடுவில் தெரிந்துகொள்வான். நிறுத்தாவிட்டால் அவன் அடிக்கிற ஒவ்வொரு அடியும் மிச்சமிருப்பதைத் தின்னும். எனக்கு முடிவெடுக்கத் தெரியவில்லை. கால் தட்டிக்கொண்டே இருந்தது. அதற்கு முன்போ பின்போ அவ்வளவு சுத்தமாக நான் ஏழு எண்ணியதில்லை.

அய்யன் படியேறி மேடைக்கு வந்தார். டிரம்ஸுக்கு எதிரில், எனக்கும் அவனுக்கும் நடுவில் வந்து நின்றார். அவரது வேட்டி என் காலை மறைத்தது. அவன் நிமிர்ந்தான். அவர் தறிக்கூடத்தில் பேசுவதைப் போலக் குரலில்லாமல் வாயை மட்டும் அசைத்தார்.

போதும் கண்ணு.

குச்சிகள் நின்றன. கைதட்டல் கூரையைப் பிளந்தது. அய்யன் என் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்குத் தெரியுமுங்களா தம்பி?"

"தெரியுமுங்க."

"சேரிங்க" என்றார். அவ்வளவுதான். அந்த 'ங்க'வுக்குப் பதிலாக அவர் ஒரு அறை விட்டிருக்கலாம்.

டாக்டர் சொன்னபடிதான் ஆயிற்று. வலது காது திரும்பவில்லை. இடது காதும் அந்த வருஷ முடிவுக்குள் போய்விட்டது. டிரம்ஸை நூல் சாக்கில் கட்டிப் பரணில் ஏற்றினார்கள். அவனைத் தறிப்பக்கமும் விடவில்லை.

வீடியோக்காரர் கேசட்டைக் கொடுக்க ஐப்பசி ஆயிற்று, இடையில் கல்யாண மாதம் வந்துவிட்டது. எடுத்துக்கொண்டு சூலூர் போனேன். அவன் அம்மா பழையபடியே கத்தித்தான் காப்பி வேண்டுமா என்று கேட்டார். அவன் டிவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உள்ளங்கையைப் பெட்டியில் வைத்துக்கொண்டான்.

முதலில், கல்யாண கேசட்டில் வருவதைப் போல, தாமரை விரிந்து எங்கள் கல்லூரி வந்தது. எங்களைச் சுற்றிப் பூ பார்டர். பிறகு கரண்டு போன இடம். கேமரா பேட்டரியில் ஓடியிருக்கிறது. அந்த மனிதர் கல்யாணத்தில் மெட்டி போடும்போதும் அம்மி மிதிக்கும்போதும் காலை எடுத்தே பழகியவர். இருட்டில் அசைவது எதுவென்று தேடிவந்து, என் இடது காலைத் திரை முழுக்கப் பிடித்திருந்தார். பழைய கான்வாஸ் ஷூ, ஒரு பக்க லேஸ் அவிழ்ந்திருந்தது. தட்டிக்கொண்டே இருந்தது. பின்னால் டிரம்ஸ் சத்தம் மட்டும்.

அவன் அதை ரிவைண்ட் செய்து மறுபடி போட்டான். மறுபடியும். நாலாவது தடவை திரையை விரலால் தொட்டான்.

"இங்க பாரு. இந்த எடத்துல நீ தாளத்த விட்டு முன்னால ஓடிட்டே" என்றான், வழக்கம்போலக் கத்தி. "நானும் உன்ற பொறவாலயே ஓடியாந்திருக்கறேன்."

சுத்தமாக எண்ணினேன் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தவன் நான். மன்னிச்சுக்கடா என்றேன், இரண்டு தடவை. அவன் என் வாயைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.