மரங்களுக்குப் பேப்பர் சுற்றிய ஞாயிறு

எங்கள் ஊரில் ஒருநாள் மரங்களுக்கெல்லாம் பேப்பர் சுற்றினோம் என்றால் என் மகள் நம்பமாட்டேன் என்கிறாள். மரத்துக்கு எதுக்கும்மா பேப்பர், குளிருமா என்று கேட்கிறாள். ஆனைக்குட்டம் பக்கத்தில் குளிரைப் பற்றிப் பேசிய முதல் ஆள் அவளாகத்தான் இருப்பாள்.

நான் மூன்றாம் வகுப்புப் படித்த சமயம் அது. இரண்டாயிரத்து மூன்றோ நான்கோ. ஐப்பசி வரும், மேகம் வரும், ஊரே அண்ணாந்து பார்க்கும்; மேகம் எங்களைக் கண்டுகொள்ளாமல் மேற்கே போய்விடும். மூன்று வருஷமாக இதே கூத்து. முதலில் கண்மாய்க்குள் காட்டிலாகா நட்டிருந்த கருவேலங்காடு காய்ந்தது. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. விறகு ஆயிற்று என்று ஒடித்துக்கொண்டு வந்தார்கள். அடுத்து, கரையை ஒட்டியிருந்த வேப்பங்காட்டில் நுனிக் கொப்புகள் நெருப்பில் வாட்டியதுபோல் கருக ஆரம்பித்தன. அப்போதுதான் ஊர் பயந்தது.

ஏனென்றால் அந்த வேம்பு நிழலில்தான் ஊர்ப் பெண்கள் வெடிக்குக் குழாய் சுற்றினார்கள். சிவகாசியிலிருந்து ஏஜெண்டு அண்ணாச்சி பேப்பரை இறக்கிவிட்டுப் போவார். கம்பியில் பேப்பரைச் சுற்றி, பசை தடவி, உருவி எடுத்தால் குழாய். மருந்து வைப்பதெல்லாம் கம்பெனியில். இங்கே வெறும் காகிதம்தான், பயமே இல்லாத வேலை. ஆனால் ஈரக் குழாய் நிழலில்தான் உலர வேண்டும். வெயில் பட்டால் கோணிக்கொள்ளும், வாய் பிளந்துவிடும். ஊரில் வீடெல்லாம் தகரமும் சிமெண்டு ஓடும். நிழல் என்றால் வேப்பங்காடுதான்.

குழாய் சுற்றுவதில் பெரியம்மாவை அடிக்க ஆள் கிடையாது. அம்மாவின் அக்கா, எங்கள் வீட்டோடுதான் இருந்தாள். நான் பிறப்பதற்கு முந்தின வருஷம் பட்டாசுக் கம்பெனியில் நடந்த வெடிவிபத்தில் பெரியப்பா போய்விட்டார். பெரியம்மாவும் அதே கம்பெனியில்தான் அப்போது வேலை பார்த்தாள். அன்றைக்குக் கம்பெனி வேனை விட்டு இறங்கியவள் அதன்பிறகு ஏறவே இல்லை. யாராவது கூப்பிட்டால், “எனக்கு இந்த நெழலு போதும் தாயி” என்பாள். அந்த நிழல் இருக்கும்வரை அவள் வேன் ஏற வேண்டியதில்லை என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் நான் வேன் கட்சி.

ஏழாயிரம்பண்ணைப் பக்கத்துக் கம்பெனிக்குப் போகும் நீல வேன் அது. காலையில் பாட்டுப் போட்டுக்கொண்டு வரும். சாயங்காலம் அதிலிருந்து இறங்குகிறவர்களின் கைகள் அலுமினியப் பவுடர் ஒட்டி வெள்ளியாக மின்னும். கூடப் படித்த என் சேக்காளியின் அம்மா இறங்கியதும் ஓடிப்போய் அவள் கையில் தன் கையைத் தேய்த்துக்கொள்வாள் சேக்காளி. மறுநாள் பள்ளிக்கூடத்தில் அந்தக் கையை எங்கள் முகத்துக்கு நேரே ஆட்டுவாள். எங்கள் வீட்டில் மின்னுகிற கை ஒன்றுகூட இல்லையே என்று எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும். அப்பாவுக்கு லாரியில் லோடு ஏற்றும் வேலை, மாமாவுக்குக் கம்பெனியில் பசை காய்ச்சும் வேலை. இருவர் கையும் மின்னாது.

அந்த வருஷம் வேப்பம் பிசின் கிடைக்கவில்லை என்பதும் என் குறைகளில் ஒன்று. மற்ற வருஷங்களில் அடிமரத்தில் தேன் நிறத்தில் திரண்டு நிற்கும். நாங்கள் சுரண்டி எடுத்து நோட்டுக்கு அட்டை ஒட்டுவோம். இப்போது பிசின் இருக்க வேண்டிய இடத்தில் சின்னச் சின்ன ஓட்டைகள். ஓட்டைக்குக் கீழே சலித்த மாவுபோல் மரத்தூள் கொட்டிக் கிடந்தது.

“வண்டு தொளைக்குதுக்கா” என்றார் மாமா, ஓட்டையில் ஈர்க்குச்சியை விட்டுப் பார்த்துவிட்டு. அவர் அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் தம்பி. எந்த நோவுக்கும் கம்பெனியிலேயே வைத்தியம் இருக்கிறது என்று நம்புகிறவர். “நாங்க காய்ச்சுற பசையில துத்தம் போடுறோம்ல, எதுக்கு? பூச்சி அரிக்கக் கூடாதுன்னுதான? வருசக்கணக்கா குடோன்ல கெடக்குற குழாயில ஒரு பூச்சி வாய் வச்சிருக்கா? மரத்துக்கும் அதையே பூசிப் பேப்பரச் சுத்திருவோம். எந்த வண்டு வருதுன்னு பாக்கேன்.”

வேறு ஊரில் இப்படிச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். எங்கள் ஊரில் எல்லோரும் தலையாட்டினார்கள். பேப்பரும் பசையும் தெரிந்த ஊர் வேறு என்ன செய்யும்?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊரே வேப்பங்காட்டில் இருந்தது. கல்யாண அண்டாவில் மைதாவும் துத்தமும் போட்டு மாமா பசை காய்ச்சினார். கழித்துப்போட்ட பழுப்புப் பேப்பரை எல்லாம் பெண்கள் அள்ளிவந்தார்கள். அடிமரத்தில் பசையை அப்பி, குழாய்க்குச் சுற்றுகிற மாதிரியே இறுக்கிச் சுற்றினார்கள். பெரியம்மா சுற்றிய மரங்களில் ஒரு சுருக்கம் கிடையாது. கடைசி மடிப்பை ஒட்டிவிட்டு, பிள்ளையின் முதுகைத் தட்டுவதுபோல் ஒவ்வொரு மரத்தையும் தட்டினாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் பார்த்ததில்லை.

மாலையில் நின்று பார்த்தால் காடு முழுக்க ராட்சச வெடிகள். ஒன்றுதான் குறை, திரி இல்லை. குறையோடு விட எனக்கு மனசில்லை. ஒரு முழம் சணலில் பச்சைத் தாளைச் சுற்றி, பெரியம்மா சுற்றிய மரம் ஒன்றில் பேப்பர் மடிப்புக்குள் செருகிவிட்டு, “பெரிம்மா, இங்க வந்து பாரேன்!” என்று கத்தினேன்.

வந்தவள் பார்த்தாள். அடுத்த நொடி திரியைப் பிடுங்கித் தண்ணீர்க் குடத்துக்குள் முக்கிவிட்டு, என் முதுகில் ஒன்று வைத்தாள். அதுவரை என்னை அடித்ததே இல்லாத பெரியம்மா. பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். “வெறும் சணலு பெரிம்மா” என்று அழுதேன். “தெரியும்டி” என்றாள். தெரிந்தும் எதற்கு அடித்தாள் என்று எனக்குக் கோபம்.

ஒரு மாதம் கழித்துப் பேப்பரைக் கிழித்துப் பார்த்தார்கள். உள்ளே இருந்து படிக்கணக்கில் மரத்தூள் கொட்டியது. வண்டுகள் ஏற்கெனவே மரத்துக்குள் குடியேறிவிட்டிருந்தன. நாங்கள் வெளியே நின்று கதவைச் சாத்தி, அவை நிம்மதியாகச் சாப்பிட வழி செய்துகொடுத்திருக்கிறோம். மாமா நெடுநேரம் தலையைச் சொறிந்தார். தண்ணீர் குடித்த மரமாக இருந்தால் பிசினைச் சுரந்து வண்டைத் தானே மூழ்கடித்துவிடும் என்று பல வருஷம் கழித்துத்தான் எங்கோ படித்தேன். எங்கள் மரங்களுக்கு அதற்கும் ஈரமில்லை. நோட்டு அட்டைக்குப் பிசின் இல்லையே என்று நான் குறைப்பட்ட நாளிலேயே அவை பாதி செத்திருந்தன.

தை மாதத்துக்குள் வேப்பங்காடு இலையில்லாமல் நின்றது. குழாய்கள் வெயிலில் கோணின. ஏஜெண்டு அண்ணாச்சி நல்ல மனிதர்தான், மொட்டை மரங்களை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, “நெழலு இல்லாத ஊர்ல எப்படிம்மா லோடு எறக்க? நீங்களே சொல்லுங்க” என்றார். பெரியம்மா கோணிய குழாய்களைப் பொறுக்கிச் சாக்கில் போட்டாள்.

அவள் வேன் ஏறிய காலையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. “சன்னல் ஓரமா உக்காரு பெரிம்மா!” என்று கத்திக்கொண்டே தெருமுனை வரை வேன் பின்னால் ஓடினேன். சாப்பாட்டுத் தூக்கை இரண்டு கையாலும் மடியில் பிடித்துக்கொண்டு அவள் நேராகப் பார்த்தபடி போனாள். அம்மா வாசலிலேயே நின்று அழுததற்கு, பெரியம்மாவுக்குக் கிடைத்த சீட் தனக்குக் கிடைக்கவில்லையே என்பதுதான் காரணம் என்று நினைத்தேன்.

சாயங்காலம் வேன் வருவதற்கு முன்பே போய்க் காத்திருந்தேன். பெரியம்மா இறங்கினாள். இரண்டு கையும் முழங்கை வரை வெள்ளி! சேக்காளி பார்க்கிறாளா என்று ஒரு கண்ணை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு, என் கைகளை நீட்டியபடி ஓடினேன். அவள் சட்டென்று தன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். “தொடாத புள்ள” என்றாள்.

வீட்டுக்குப் போனதும், குடிக்க வைத்திருந்த குடத்தைச் சாய்த்துத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். அந்தப் பஞ்சத்தில் ஒரு குடம் முழுசாகத் தீர்ந்தது. யாரும் அவளைத் திட்டவில்லை. அத்தனை மினுமினுப்பும் சாக்கடையில் ஓடுவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கொஞ்சம் தடவிவிட்டால் என்ன குறைந்துபோகும் இந்தப் பெரியம்மாவுக்கு என்று, இரண்டு நாள் அவளோடு பேசவே இல்லை.