மூடி திறந்த லேசர்

கலைமதிக்கு முப்பத்திரண்டு வயது. அதில் ஆறு வருடத்தை ஒரு லேசர் தின்றுவிட்டது. மணப்பாறைப் பக்கம் சோளம் விதைக்கிற வீட்டில் பிறந்தவள், திருச்சியில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் ரூபிடியம் அணுக்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். லேசரால் அணுக்களை ஏறக்குறைய அசையாமல் நிறுத்தி, அப்படியே விழவிட்டு, விழும்போது மூன்று தடவை லேசரைப் பளிச்சிட்டால் பூமி எவ்வளவு இழுக்கிறதென்று துல்லியமாகத் தெரியும். தெரிய வேண்டும். அந்தச் சனியன் பிடித்த லேசரோ சொன்ன அலைவரிசையில் அரை மணி நேரம் நிற்காது. வெளியே லாரி போனால்கூட நழுவிவிடும்.

ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் ஆய்வக உதவியாளர் அழகிரி சாம்பிராணியோடு வந்து நிற்பார். புகை ஆகாதென்று இவள் விரட்டுவாள். அவரும் கதவுக்கு வெளியே சந்தனம் வைத்துவிட்டு, பொரிகடலையை இவள் கையில் திணித்துவிட்டுப் போவார்.

இந்த டிசம்பரோடு அவளுடைய ஆய்வுக்காலம் முடிகிறது. லேசர் இரண்டு வாரம் ஒழுங்காக நின்றால் போதும், முனைவர் பட்டம் வந்துவிடும். அந்த இரண்டு வாரம்தான் கிடைக்கவே இல்லை. படித்த படிப்பெல்லாம் எங்கே போனதோ, பூஜையன்று அவளே கதவைத் திறந்துவிட்டாள்.

"உள்ள வந்து காட்டுங்கண்ணே."

அழகிரி தயங்கினார். "ஆகாதுன்னு நீங்கதானம்மா சொல்வீங்க?"

அவள் லேசர் பெட்டியின் மூடியையும் கழற்றினாள். புகை மேசையை மூன்று சுற்று சுற்றியது. அவள் கண்ணை மூடிக் கும்பிட்டாள்.

விடுமுறை முடிந்து லேசரைப் போட்டபோது ஒளி பாதிகூட இல்லை. மதியத்துக்குள் அதுவும் அணைந்தது. ஒளியைப் பலப்படுத்தும் அரிசியளவுச் சில்லின் முகத்தில் புகைப்பிசின் படிந்து கருகியிருந்தது. வெளிநாட்டிலிருந்து புதுச் சில்லு வர எட்டு மாதம் ஆகும்.

யார் உள்ளே புகை போட்டது என்று அவளுடைய வழிகாட்டி, பேராசிரியர் பீமராவ் கேட்டார். கலைமதி லேசர் பெட்டியின் மூடியை எடுத்து மூடினாள்.

"நான்தாங்க சார்," என்றார் அழகிரி. "அம்மா இல்லாத நேரம் பார்த்துக் காட்டிட்டேன்."

பதினோரு வருடம் வேலை பார்த்தும் அவர் ஒப்பந்த ஆள்தான். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவர் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு, சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு திருவெறும்பூர் பஸ்ஸுக்கு நடந்தார்.

பீமராவ் அவளை இரக்கத்தோடு பார்த்தார். "கவலைப்படாதம்மா. இன்னொரு வருஷம் நீட்டிக்கச் சொல்லி எழுதறேன். இதுல உன் தப்பு ஒண்ணுமில்லையே?"

கலைமதி இல்லையென்று தலையாட்டினாள்.