பிக்கப் மூடியில் நான் பிடித்த பக்கம்

என் மனைவியின் தம்பியின் வலது கையை நசுக்கியவன் நான். பிடி வழுக்கவில்லை. விட்டேன்.

அவன் வீடுகளுக்கு டைல்ஸ் பதிப்பவன். பழைய பிக்கப் வண்டி ஒன்று வைத்திருந்தான். பின்பெட்டி திறந்தே கிடந்ததால் வெட்டும் மெஷினும் சீமெந்துப் பைகளும் மழையில் நனைந்தன. பனி தொடங்குமுன் அதற்கொரு கூரை மாதிரியான மூடி போட வேண்டும். புதியது அவனுக்குக் கட்டுப்படியாகாது. இந்த ஊர்ப் பிரெஞ்சு விளம்பரங்களை வாசித்து, விற்பவர்களோடு பேசி, மலிவாக ஒன்று பிடித்துத் தருவதாக நான் பொறுப்பெடுத்தேன். நான் ஓய்வுபெற்ற பொறியியலாளன். குடும்பத்தில் படித்தவன் என்ற பெயர் எனக்குத்தான்.

லவால் நகரத்தில் ஒன்று அகப்பட்டது. நீளம், அகலம், நிறம் எல்லாம் அவனுடைய வண்டிக்கே வார்த்தது போல் இருந்தன. சனிக்கிழமை காலை போனோம். விலையும் படிந்தது. காசைக் கொடுக்கப் போனவனை நான் தடுத்தேன்.

"பொறு. பத்தரை வரைக்கும் ராகு காலம். சாமான் வாங்கிற நேரம் இல்லை."

"அத்தான், ராகுவுக்கு லவால் தெரியுமோ?"

"சொன்னாக் கேள்."

கேட்டான். தெருமுனையில் வண்டிக்குள் காத்திருந்தோம். பத்தரைக்குத் திரும்பினால், யாரோ இருவர் அந்த மூடியைத் தங்கள் வண்டியில் ஏற்றிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். விற்றவன் தோளைக் குலுக்கினான். நான் அவனைப் பிரெஞ்சில் வாய்க்கு வந்தபடி ஏசினேன், அவன் குப்பைத் தொட்டியை உதைத்து உருட்டினேன். மச்சான் என்னை இடுப்பில் பிடித்து இழுத்து வண்டியில் ஏற்றினான். இழுக்கும்போதே சிரித்தான்.

வழிநெடுகச் சிரித்தான். கூட்டாளிகளுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் சொன்னான்: "எங்கட இஞ்சினியர் மூடியை ராகுவுக்கு வித்துப்போட்டார்!" அந்தப் பக்கமும் சிரித்தார்கள். நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் வாயை உடைக்க வேண்டும் என்று கை துடித்தது. இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

பிற்பகலில் பியர்பொன்ட்ஸ் என்ற இடத்தில் வேறொன்று பார்த்தோம். விலை கூட, நிறம் வேறு, பூட்டும் வேலை செய்யவில்லை. ஆனாலும் வாங்கினான். விற்றவர் பெட்டிக்குள் ஏறி நின்று முன்பக்கத்தைத் தூக்கினார். பின்பக்கம் என்னுடையது. மச்சான் பெட்டி விளிம்பில் ரப்பர் பட்டியை ஒட்டிக்கொண்டு வந்தான்.

"இப்ப இறக்கலாமோ அத்தான், இல்லாட்டிப் பஞ்சாங்கம் பாக்க வேணுமோ?"

அவன் சிரித்ததைப் பார்த்து, ஒன்றும் விளங்காத விற்பனைக்காரரும் சிரித்தார்.

"பொறுங்கோ, பட்டி சுருண்டு போச்சு. விரலை விட்டு இழுக்கிறன். நல்லாப் பிடியுங்கோ."

அவன் விரல்கள் உள்ளே போனதைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் விட்டேன்.

சுள்ளி முறியும் சத்தம் கேட்டது. அவன் முதலில் கத்தவில்லை. வாய் மட்டும் திறந்தது. மூடியைக் கிளப்பியபோது நடுவிரலும் மோதிரவிரலும் தட்டையாகி, நகங்கள் கழன்று, எலும்பு வெளியே தெரிந்தது. பிறகுதான் கத்தினான். இரத்தம் வெள்ளைப் பெயின்டில் வழிந்து ஓடியது.

ஆஸ்பத்திரியில் அவனுக்காகப் பிரெஞ்சு பேசியதும் நான்தான். எப்படி நடந்தது என்று டாக்டர் கேட்டார். பிடி வழுக்கிவிட்டது என்றேன். "என்ன அத்தான் கேக்கிறார்?" என்றான் மச்சான். அவனுக்கும் அதே பொய்யைத் தமிழில் சொன்னேன். அவன் இடது கையால் என் முழங்காலைத் தட்டினான்.

"அழாதேங்கோ. வயசு போன மனிசனைத் தூக்க விட்டது என்ர பிழை."

இரண்டு விரல்களையும் எடுத்துவிட்டார்கள். அதன்பின் அவனால் டைல்ஸ் பதிக்கும் கரண்டியை இறுக்கிப் பிடிக்க முடியவில்லை. தொழில் போயிற்று.

அவன் என்னைத் தேற்றிய அந்த வார்த்தையோடு குளிர்காலம் முழுதும் இருந்தேன். வசந்தத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, கோயில் கார் நிறுத்துமிடத்தில் அவனிடம் உண்மையைச் சொன்னேன். வேலைக்குத் திரும்பிப் போ, கலவை குழைக்க, டைல்ஸ் தூக்கித் தர நான் வருகிறேன், சாகும்வரை உன் கையாக இருக்கிறேன் என்றும் சொன்னேன்.

"எந்தக் கையாலை?" என்றான். "விட்ட கையாலையோ?"

சேர்ட்டைப் பிடித்து என்னை ஒரு கார்க் கதவில் மோதினான். மூன்று விரல் கையால் முகத்தில் குத்தினான். உதடு கிழிந்தது, பல்செட் தரையில் விழுந்தது. திருநீறு பூசிய ஆட்கள் ஓடி வந்து அவனைப் பிடித்தார்கள். "விடுங்கோ அவனை, அடிக்கட்டும்" என்றேன். அதைக் கேட்டதும் அவன் நிறுத்திவிட்டான். என் விருப்பப்படி அடிக்கக்கூட அவனுக்கு மனமில்லை.

இப்போது ஒரு கிடங்கில் வாசல் காவலுக்கு நிற்கிறானாம். உண்மை அறிந்தபின் என் மனைவி ஞாயிறுகளில் அவனுக்குச் சமைத்து எடுத்துக்கொண்டு, இரண்டு பஸ் மாறிப் போகிறாள். காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறேன். அவள் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டுப் போகிறாள்.